ஐம்பதாம் நம்பர் எண்ணெய்

நான் மோட்டார் சைக்கிள் வாங்கியதற்குக் காரணம் என் மனைவி. அவள் கேட்டு வாங்கவில்லை. அவள் வீட்டில் இல்லாததால் வாங்கினேன். தலைப்பிரசவத்துக்காக விருதுநகரில் அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு. பஸ்ஸில் போனால் சிவகாசியில் இறங்கி இன்னொரு பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் காத்துக்கிடக்க வேண்டும். விருதுநகர் போய் முகம் கழுவிச் சாப்பிட்டு நிமிர்வதற்குள் திரும்புகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். மனைவியிடம் நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். எனக்குப் பொறுமை கிடையாது என்பது என்னோடு பழகிய எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் பஸ் கண்டக்டரோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டு, தீபாவளி சீசன் முடிந்த கையோடு வண்டியை வாங்கினேன்.

அது வெள்ளைக்காரன் காலத்து வண்டி. பஞ்சாலை இன்ஜினீயர் ஒருவர் ஓட்டிவிட்டு ஷெட்டில் போட்டுவிட்டுப் போனது. அதற்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. கியர் மாற்றுகிற கம்பி பெட்ரோல் டாங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். சீட்டுக்குக் கீழே எண்ணெய்க்கென்று தனியாக ஒரு சின்ன டாங்கு. உதைத்து உதைத்துக் கால் வலித்த பிறகுதான் ஸ்டார்ட் ஆகும்; ஆகிவிட்டால் தெருவில் இருக்கிற நாயெல்லாம் எழுந்து நிற்கும். கம்பெனியில் அதைக் கேட்டுக்குப் பக்கத்தில்கூட விட மாட்டார்கள். ஒரு பொறி தெறித்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு பர்லாங்கு தள்ளி ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்து வருவேன்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். புகையைத்தான் பொறுக்க முடியவில்லை. நீல நிறத்தில் பின்னாலிருந்து அப்படிக் கொட்டும். நான் திருத்தங்கலைத் தாண்டிவிட்டேன் என்பதைச் சிவகாசியிலிருந்தே பார்த்துச் சொல்லலாம் என்று கம்பெனியில் கேலி செய்வார்கள்.

கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் தாயையும் பிள்ளையையும் அனுப்பிவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாசியில் போய்க் கேட்டேன். "பங்குனி பொறக்கட்டும் மாப்ளே" என்றார் மாமனார். பங்குனியில் கேட்டேன். "வெயிலு இம்புட்டு அடிக்கிதே, புள்ள தாங்குமா?" என்றார். அடுத்த வாரம், இருக்கன்குடிக் கோயிலில் ஒரு நேர்ச்சை பாக்கி இருப்பதாகச் சொன்னார். நேர்ச்சையை நானே கூட்டிப்போய் முடித்துக்கொடுக்கிறேன் என்றேன். அவர் தெருவில் நின்ற வண்டியைப் பார்த்துவிட்டு, "ஒங்க வண்டி போடுற பொகை பச்சப்புள்ளைக்கு ஆகாது" என்றார். பஸ்ஸில்தான் கூட்டிப்போவேன் என்றேன். "இப்பம் பஸ்ஸுல போவீக. நாளைக்குப் புள்ளையப் பாக்கணும்னு நாங்க சொன்னா இந்த வண்டியிலதான வச்சுக் கூட்டியாருவீக? மொதல்ல பொகைய நிறுத்துங்க, பெறகு பாப்போம்" என்றார். அத்தையும், என் மாமியார்தான், உள்ளேயிருந்து, "நெசந்தான, சுவரெல்லாம் கரியாப் போச்சு" என்றார்கள்.

மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விருதுநகர் சந்தையில் எண்ணெய்த் தரகர். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், விளக்கெண்ணெய் எதுவானாலும் வெளியூர் வியாபாரிகள் அவர் ஒரு வார்த்தை சொன்னால்தான் டின்னில் கை வைப்பார்கள். உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டு, இன்னொரு கையால் தேய்த்து, சூடு வந்ததும் மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவார். எள் புதுசா பழசா, கடலை நனைந்ததா, ஒரு எண்ணெயோடு இன்னொன்றைக் கலந்திருக்கிறார்களா எல்லாம் சொல்லிவிடுவார். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். அந்த மூக்கை அவர் காப்பாற்றிய விதம் வேடிக்கையாக இருக்கும். வெற்றிலை போட மாட்டார். பொடி கிடையாது. சந்தை முடிகிறவரை பச்சை வெங்காயத்தைத் தொட மாட்டார். பெண் பார்க்கப் போனபோது நான் குளித்து, புதுச்சட்டை போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கந்தகத்துலயா வேல பாக்கீக?" என்பதுதான்.

அன்று ஏற்பட்ட எரிச்சல் எனக்குப் போகவே இல்லை. பெண்ணைக் கொடுத்தாரே தவிர, என்னைக் கண்டால் அவருக்கு மூக்கு சுருங்குகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது புகை என்றதும், கந்தக வாடைக்காரன் வீட்டுக்கு மகளை அனுப்ப மனமில்லாமல்தான் சாக்குச் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். சரி, அந்தப் புகையை நிறுத்திக் காட்டுகிறேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

எண்ணெயை மாற்றினால் புகை குறையும் என்று யாரோ சொன்னார்கள். விருதுநகரில் நின்றுகொண்டு எண்ணெய் பற்றி யோசனை கேட்டது என் தப்பு. அந்த ஊரில் எண்ணெயைப் பற்றிக் கருத்து இல்லாத ஆள் கிடையாது. பருப்பு மண்டியில் மூட்டை தைக்கிறவர்கூட ஒரு யோசனை சொன்னார். ஒரு எண்ணெய்ச் செக்குக்காரர், வெள்ளைக்காரன் ரேஸ் வண்டிக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றுவான் என்று அடித்துச் சொன்னார். எனக்கும் அது எங்கேயோ கேட்ட ஞாபகம் இருந்தது. டாங்கில் பழைய எண்ணெய் பாதி இருக்கும்போதே, மேலே சுத்தமான விளக்கெண்ணெயை ஊற்றிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை மறக்க முடியாது. வழியெல்லாம் விளக்கெண்ணெய் காய்கிற வாடை. ஆமத்தூரில் தெருவில் விளையாடிய பிள்ளைகள் ஓடினார்கள். பேதிக்குக் கொடுக்கிற நாள் வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். மாமனார் வீட்டு வாசலில் இறங்கியபோது அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்கள். எதிர்வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது. மாமனார் மட்டும் வண்டிக்குப் பக்கத்திலேயே வந்து நின்று, "வாங்க மாப்ளே, சாப்பிட்டீகளா?" என்றார். ஊரிலேயே பெரிய மூக்கு, ஒரு சொல் சொல்லவில்லையே என்று ஆச்சரியமாக இருந்தது. மருமகன் மனம் நோகக் கூடாது என்று அடக்கிக்கொண்டார் என நினைத்து, அன்று அவர்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

ஒரு வாரம் வண்டியை நிறுத்தி வைத்திருந்துவிட்டு உதைத்தால் கால் கீழே இறங்கவே இல்லை. லாரியில் ஏற்றி விருதுநகர் கொண்டுவந்தேன். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு மெக்கானிக் இருந்தார். பர்மா யுத்தத்தில் ராணுவ வண்டிகளைப் பார்த்தவர். எண்ணெய் டாங்கைக் கழற்றிக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து வேப்பம்பிசின் மாதிரி கட்டி கட்டியாக வந்து விழுந்தது.

"விளக்கெண்ணெயும் மோட்டார் எண்ணெயும் ஒண்ணோட ஒண்ணு சேராது அண்ணாச்சி. ரேசுக்குப் போறவன் ஊத்துவான், அன்னைக்கே கழட்டிக் களுவிருவான். நீங்க என்ன ரேசுக்கா போறீக? மாமனார் வீட்டுக்குப் போறீக" என்றார்.

ரெண்டு நாள் கழுவினார். பிஸ்டன் வளையங்களைப் பார்த்து, தேய்ந்த ஒன்றை மாற்றினார். பிறகு எண்ணெய்ப் பாடம் நடந்தது. நம்பர் கூடக் கூட எண்ணெய் கெட்டி. நான் முன்னால் ஊற்றிவந்தது முப்பதாம் நம்பர். நம்முடைய வெயிலில் பழைய இன்ஜின் சூடேறினால் அது தண்ணீராகி, வளையத்தைத் தாண்டி மேலே ஏறிப் புகையாகிவிடும். இந்த வண்டி கோடைக்கு ஐம்பதாம் நம்பர் கேட்கும். மழைக்காலத்தில் நாற்பது ஊற்றினால் போதும். அவ்வளவுதான். இதற்காகவா ஊர் முழுக்க யோசனை கேட்டேன் என்றிருந்தது.

"ஆனா ஒண்ணு. பெட்ரோல் பங்குல சீல் ஒடைச்சு வாங்குங்க. பஸ் ஸ்டாண்டு பக்கம் சில்லறைக்கு ஊத்துறாகளே, அது வேண்டாம்" என்று ஒரு குப்பியை எடுத்துக் காட்டினார். தேன் நிறம். விரலில் தொட்டால் நல்ல கனம். பார்வைக்குப் பங்க் எண்ணெயைவிட அதுதான் அழகாக இருந்தது. "மூக்குல வச்சுப் பாருங்க" என்றார். கருகல் வாடையும் மண்ணெண்ணெயும் குப்பென்று ஏறியது. லாரியில் எடுத்த பழைய எண்ணெயைக் காய்ச்சி, மண் போட்டுத் தெளியவைத்து, மண்ணெண்ணெய் டின்னில் பிடித்து விற்கிறார்களாம். கண்ணும் கையும் ஏமாந்துபோகும், மூக்கு ஏமாறாது என்றார் மெக்கானிக்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. மாமனாரை எண்ணெய் பார்த்துச் சொல்லச் சொன்னால் என்ன? அவரே தேர்ந்தெடுத்த எண்ணெய் என்றால் நாளைக்குப் புகை என்று குறை சொல்ல வாய் வராது. மருமகன் தன்னிடம் வந்து கேட்டான் என்று மனமும் குளிரும். ஒரு குப்பியில் பங்கில் வாங்கிய ஐம்பதாம் நம்பர், இன்னொன்றில் அந்த மண்ணெண்ணெய் டின் சரக்கு. குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். இந்த ஒரு காரியத்தில் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். ரெண்டு குப்பியையும் மாமனார் முன்னால் வைத்தேன். "மாமா, எண்ணெயைப் பத்தி ஒங்களுக்குத் தெரியாதது எனக்கென்ன தெரியும்? எதை ஊத்தலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். மலரவில்லை.

"இது மோட்டார் எண்ணெ, இதுல எனக்கென்ன பழக்கம்" என்றார்.

"ஒங்க மூக்குக்கு எந்த எண்ணெயா இருந்தா என்ன?" என்றேன்.

அதற்குமேல் அவரால் மறுக்க முடியவில்லை. முதல் குப்பியிலிருந்து ரெண்டு சொட்டு விட்டுத் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார், கண்ணை மூடினார். கையைத் துணியில் துடைத்துவிட்டு இரண்டாவதையும் அப்படியே செய்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். விரலுக்கும் விரலுக்கும் நடுவில் இழுத்துப் பார்த்தார். சந்தையில் செய்வதில் ஒன்றும் குறையவில்லை. பிறகு மண்ணெண்ணெய் சரக்கைத் தொட்டு, "இதுதான் நல்ல எண்ணெ. கெட்டியாவும் இருக்கு, தெளிவாவும் இருக்கு. இத ஊத்துங்க" என்றார்.

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. நாலு அடி தள்ளி நிற்கிற எனக்கே அந்த நாற்றம் வந்துகொண்டிருந்தது. வேண்டுமென்றே செய்கிறார், என் வண்டி நடுரோட்டில் நின்றுபோகட்டும் என்று செய்கிறார் என்று தோன்றியது.

"ஊருக்கெல்லாம் நல்ல எண்ணெ பாத்துச் சொல்லுவீக. மருமகன்னா மட்டும் ஒங்களுக்கு மண்ணெண்ணெ மணக்காதோ? மகள அனுப்ப மனசில்லேன்னா நேராச் சொல்லுங்க. எதுக்கு இந்த நாடகம்?" என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாக அந்த வீட்டில் நான் பேசியதே இல்லை.

அவர் அந்தக் குப்பியை எடுத்து மூக்கில் வைத்து மறுபடி இழுத்தார். மார்பு ஏறி இறங்கியது. இன்னும் பலமாக இழுத்தார். அவர் கண்ணில் நான் கோபத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே இருந்தது பயம். ஐம்பத்தைந்து வயது ஆள், பரீட்சையில் ஒன்றும் எழுத வராத பிள்ளை மாதிரி குப்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அப்பாவின் கையிலிருந்த குப்பியை வாங்கி ஒரு தடவை முகர்ந்தாள். கீழே வைத்துவிட்டு அடுத்ததை முகர்ந்தாள்.

"இது இல்லப்பா. இதுல மண்ணெண்ணெ இருக்கு, கருகலும் இருக்கு. அந்தக் குப்பிதான்."

"சரித்தா" என்றார் அவர்.

அந்தச் 'சரித்தா' எவ்வளவு சாதாரணமாக வந்தது என்பதில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. அது முதல் தடவையாக நடக்கிற காரியம் இல்லை. பல நாள் பழகிய காரியம்.

பின்கட்டில் கிணற்றடிக்குப் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள். அத்தை கடைக்குப் போயிருந்தார்கள். அவள் மெதுவாகச் சொன்னாள்.

"ஐப்பசியில ஒரு காய்ச்ச வந்துச்சுல்ல, அதோட போச்சு. மொதல்ல சளின்னு இருந்தாரு. சளி போயும் மணம் வரல. ஒரு நாள் ஒரு குப்பிய எங்கிட்ட நீட்டி, புள்ளத்தாச்சிக்கு மூக்கு கூர்மையா இருக்கும்பாக, என்ன மணக்குதுன்னு சொல்லு பாப்போம்னு வெளையாட்டாக் கேட்டாரு. நானும் வெளையாட்டாச் சொன்னேன். மறுநாளும் கேட்டாரு. மூணாம் நாளு எனக்குப் புரிஞ்சுபோச்சு. எனக்குப் புரிஞ்சதும் அவருக்குத் தெரியும். இன்னைக்கு வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் அதப் பத்திப் பேசினது கெடையாது."

சந்தையில் உடனே தீர்ப்புச் சொல்வதை நிறுத்திவிட்டாராம். சாம்பிளை வாங்கிக்கொண்டு, "மத்தியானம் சொல்லுதேன்" என்பாராம். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவார், மகள் முகர்ந்து சொல்வாள், திரும்பிப் போய்ச் சொல்வார். வயது ஏற ஏற எவ்வளவு நிதானம் பாருங்கள் என்று சந்தையில் அவருக்குப் பேர் கூடியிருக்கிறது.

"அத்தைக்கு?" என்றேன்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா சந்தைக்கே தெரிஞ்ச மாதிரி."

அவள் சிரிக்க முயன்றாள், முடியவில்லை. "என்னைய அனுப்பிட்டா அவரு மறுநாள் சந்தைக்குப் போக முடியாதுங்க. போயி எங்கன உக்காருவாரு?" என்றாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. பெண் பார்த்த நாளிலிருந்து அவர் என்னை வெறுக்கிறார் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். காய்ச்சலுக்குப் பிறகு இந்த ஆறு மாதமும் அவர் என் கந்தக வாடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று ஐம்பதாம் நம்பரை ஊற்றிக்கொண்டு திரும்பினேன். சிவகாசி வரும்வரை நாலைந்து தடவை திரும்பிப் பார்த்தேன். புகை இல்லை. மெக்கானிக் சொன்னது அப்படியே பலித்திருந்தது. இத்தனை மாதம் எதற்காக அலைந்தேனோ அது கையில் கிடைத்துவிட்டது. கிடைத்தது எனக்கு வேண்டாததாக இருந்தது. அடுத்த ஞாயிறு இப்படிப் புகையில்லாமல் போய் நின்றால் அத்தை வாயெல்லாம் பல்லாக மகளுக்குப் பெட்டி கட்டச் சொல்லிவிடுவார்கள். மாமா மறுக்கக் காரணம் இருக்காது. தெருவில் எல்லோர் முன்னாலும் அவர் என்ன சொல்வார்?

என்னிடம் அப்படி ஒன்றும் பெரிய மனசு கிடையாது. அந்த வாரம் முழுக்க எனக்குள் சண்டைதான். மெஸ்ஸில் சாப்பிட்டுச் சாப்பிட்டு வயிறு கெட்டிருந்தது. என் பிள்ளை குப்புற விழுந்ததைக் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். வேறொருவர் மூக்குக்காக என் குடும்பம் ஏன் பிரிந்து கிடக்க வேண்டும் என்று திங்கள்கிழமை தோன்றும். செவ்வாய்க்கிழமை அவர் குப்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இருப்பு கண் முன்னால் வரும். சனிக்கிழமை ஒரு வழி கண்டுபிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விருதுநகர் ரயில்வே கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். பையிலிருந்து ஒரு சின்னக் குப்பி எண்ணெயை எடுத்துப் பெட்ரோல் டாங்கில் ஊற்றி வண்டியைக் குலுக்கினேன். இன்ஜின் எண்ணெய் நன்றாகத்தான் இருந்தது. பெட்ரோலோடு சேர்ந்து எரிகிற எண்ணெய் புகையாமல் என்ன செய்யும்? மாமனார் வீட்டுத் தெருவில் திரும்பும்போது நான் வருவதே தெரியாத அளவுக்கு நீலப் புகை. அத்தை தலையில் அடித்துக்கொண்டார்கள். "இன்னுமா மாப்ளே அந்த எண்ணெ சரியாவல?"

"இல்லத்தே. சரியான எண்ணெ இன்னும் அகப்படல. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன். மனைவி என்னைப் பார்த்தாள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது என்பது, அன்று எனக்குச் சோறு போட்ட விதத்தில் தெரிந்தது.

சித்திரை போனது, வைகாசி போனது. ஒவ்வொரு ஞாயிறும் ரயில்வே கேட்டருகே நின்றேன். பிளக் கரி பிடித்துக்கொண்டே இருந்தது. மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் சுரண்டிக் கொடுத்துவிட்டு, ஐம்பதாம் நம்பர் ஊற்றுகிற வண்டிக்கு இது எப்படி வரும் என்று தலையைப் பிய்த்துக்கொண்டார். அந்த நல்ல மனிதரிடம் நான் உண்மையைச் சொல்லவே இல்லை. சில ஞாயிறுகளில், ஊற்றாமல் போய்விடலாமா என்று குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். திரும்பி வரும்போது எனக்குள்ளேயே கறுவிக்கொண்டு வந்ததும் உண்டு. மாமா வாசலில் நின்று என் வண்டியைப் பார்ப்பார். வண்டி ஆறட்டும் என்று காத்திருப்பவர் போல, நான் உள்ளே போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனி மாதத்துக் கடைசி ஞாயிறு. வழக்கம்போலப் புகையோடு போய் இறங்கினேன். மாமா வாசலில் நின்றிருந்தார். அவர் வாய் சிவந்திருந்தது. வெற்றிலை போட்டிருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. என்னமோ நடந்துவிட்டது என்று அப்போதே புரிந்தது.

"இனிமே பெட்ரோல்ல எண்ணெ கலக்காதீக மாப்ளே. வண்டி பாவம்" என்றார்.

நான் பெட்ரோல் டாங்கின் மூடியைப் பார்த்தேன்.

"ரெண்டாம் வாரமே தெரியும். பொகைக்கொழாய விரலால தொட்டுப் பாத்தேன். கரியில எண்ணெப் பிசுக்கு இருந்துச்சு. என் வெரலு இன்னும் போகல" என்றார். சொல்லிவிட்டு, மேலே எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் துண்டைத் தோள் மாற்றிப் போட்டார். "முந்தாநாளு சந்தையில சொல்லிட்டேன். எனக்கு மணம் தெரியல, இனிமே என் பேச்ச நம்பி யாரும் எடுக்காதீகன்னு. ஒருத்தரு சிரிச்சாரு. வெளையாடுறேன்னு நெனச்சுக்கிட்டாரு. அவருகிட்ட மட்டும் ரெண்டாந் தடவ சொல்ல வேண்டியதாப் போச்சு."

அந்த இரண்டாம் தடவையைச் சொல்லும்போதுதான் அவர் குரல் இறங்கியது.

"எனக்காக நீங்க ஏன் மாமா சொன்னீக? இன்னும் கொஞ்ச நாளு பாத்திருக்கலாம்" என்றேன். அதை மனதாரத்தான் சொன்னேன்.

"எம்புட்டு நாளு? புள்ள தவழ ஆரம்பிச்சிருச்சு. தகப்பனக் கண்டா வேத்தாளுன்னு அழுகுது. போன வாரம் நீங்க தூக்குனப்ப அழுதுச்சுல்ல, அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்ல" என்றார். "அப்பம் நீங்க அத எங்கிட்டக் கொடுத்துட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி வண்டியத் தொடைச்சுக்கிட்டு நின்னீக."

ஆடி பிறப்பதற்குள் போய்விட வேண்டும் என்று அன்றே பெட்டி கட்டினார்கள். அத்தைக்கு எல்லாம் வெள்ளிக்கிழமையே தெரிந்திருந்தது. நாங்கள் பயந்தபடி எதுவும் ஆகவில்லை. அவர்கள் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. வெற்றிலையை மட்டும் தன் கையாலேயே நரம்பு கிள்ளி அவருக்கு மடித்துக் கொடுத்தார்கள்.

மனைவியும் குழந்தையும் பஸ்ஸில் போவது, நான் பின்னாலேயே வண்டியில் போவது என்று ஏற்பாடு. மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்கு மாமா குழந்தையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்து வந்தார். பஸ்ஸில் இடம் பிடித்து என் மனைவி ஏறி உட்கார்ந்தாள். டிரைவர் வந்துவிட்டார். மாமா குழந்தையைக் கொடுக்கவில்லை. அதன் உச்சியில் முகத்தைப் பதித்து மூச்சை இழுத்தார். எந்தத் தாத்தாவும் செய்வதுதான். ஆனால் அவர் அங்கிருந்து முகத்தை எடுக்கவே இல்லை. மறுபடி இழுத்தார், பிடரிக்குக் கீழே போய் இழுத்தார். அன்றைக்குக் குப்பியை வைத்து இழுத்தது போல மார்பு ஏறி இறங்கியது. எனக்குத் தாங்கவில்லை.

பிறகு நிமிர்ந்தார். ஜன்னலில் இருந்த மகளிடம் கேட்பார் என்று நினைத்தேன். என்னிடம் திரும்பினார்.

"புள்ள என்ன வாடை அடிக்கிது மாப்ளே?"

நான் குனிந்து என் மகளின் தலையை முகர்ந்தேன். தகப்பனாகி ஏழு மாதத்தில் அப்படி முகர்ந்தது அதுதான் முதல் தடவை. "பால் வாடை மாமா" என்றேன்.

"பெறகு?"

"வசம்பு. கழுத்துப் பக்கம் கொஞ்சம் வேர்வை."

"வேர்வைன்னா, புளிப்பா?"

மறுபடி குனிந்து பார்த்தேன். அவசரத்தில் எதையாவது சொல்லிவிடக் கூடாது என்றிருந்தது. "ஆமா மாமா. லேசாப் புளிப்பு. மோர் மாதிரி."

அவர் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார். கண்டக்டர் விசில் கொடுத்தார். "மோர் மாதிரி" என்று தனக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டு, குழந்தையை என் கையில் கொடுத்தார்.